காலி வண்டியில் ஒரு அட்டை முட்டை

ஜனவரி 19, ஞாயிறு

இந்த டைரி கோழித் தீவனக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள். வருஷா வருஷம் வீட்டுக்காரி ஜெகதா அதில் மளிகைச் சீட்டு எழுதுவாள். இந்த முறை என்னிடமே கொடுத்து, "வளைகாப்புக்கு வாங்க வேண்டியத எழுதிக்குங்க, உங்க தலையில நிக்காது" என்றாள். உண்மைதான். முடியே நிற்கவில்லை.

வளைகாப்பு எங்கள் ஒரே மகள் கோகிலவாணிக்கு; வீட்டில் வாணி. ஏழாம் மாதம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, துறையூர் தாண்டி அவள் மாமியார் வீட்டில். வளையல் போட்ட கையோடு அவளைப் பிரசவத்துக்கு நாமக்கல்லுக்கு அழைத்து வர வேண்டும். பெற்றவன் போய் அழைத்து வருவதுதான் முறை.

வளையல், சந்தனம், தாம்பாளம் ஒன்பது, பட்டுப்புடவை, ஐந்து வகைச் சாதத்துக்கு அரிசி. ஜெகதா சொல்லச் சொல்ல எழுதினேன். அவள் அடுப்படிக்குப் போன பிறகு நானாக ஒன்று சேர்த்தேன்: ஷாக் அப்சார்பர் நான்கு.

காரணம், சாயங்காலம் சம்பந்தியம்மா போனில் பேசினார். "ஏனுங்க சம்பந்தி, அன்னிக்கு ஒரு நல்ல காராப் புடிச்சுக்கலாமுங்களா? உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். 'நல்ல' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். என் வண்டியை அவர் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். ஒரு தடவை போதும்.

ஜனவரி 20, திங்கள்

என் வண்டி வெள்ளை ஆம்னி. வாரத்தில் ஆறு நாள் பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பண்ணையிலிருந்து கடைகளுக்கு முட்டை லோடு அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு போல்ட்டை முடுக்கினால் அது குடும்பக் கார். எட்டு வருஷமாக இப்படித்தான். ஊரில் எல்லோரும் 'முட்டை வண்டி' என்பார்கள். என்னைப் பற்றியும் வேறு நல்ல பெயர் எதுவும் கேள்விப்பட்டதில்லை.

பரமத்தி ரோட்டில் பெலிக்ஸ் பட்டறைக்குப் போனேன். பெலிக்ஸ் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். மரியாதை அதற்கும் கொஞ்சம் கம்மி.

"வண்டி மெத்துன்னு போகோணும் பெலிக்ஸு" என்றேன்.

"வண்டியா? இதா?" என்று கேட்டு, முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டான். அது 'ஆமாம், ஆமாம், ஆமாம்' என்று மூன்று தடவை தலையாட்டி நின்றது. "பாருங்கண்ணா. அமுக்கி விட்டா ஒருக்கா ஏறி நிக்கோணும். இது பஜனையில உக்காந்தாப்புல ஆடுது. ஷாக்கு செத்துப்போச்சு. ஆயில் ஒழுகி எத்தன நாளாச்சோ."

பின்பக்கத்தை அமுக்கினான். அசையவில்லை. ஏறி உட்கார்ந்தான். அப்போதும் அசையவில்லை. கீழே குனிந்து பார்த்தான்.

"ஏண்ணா, கம்பெனி வச்சது மூணு பட்ட. இதுல அஞ்சு இருக்குது?"

பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கியிருக்கும். பாரம் ஏறினால் அவைதான் வளைந்து தாங்கும். அறுபது அட்டை ஏற்றினால் வண்டி பின்பக்கம் குந்திக்கொள்கிறது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் நான்தான் இரண்டு பட்டை சேர்த்துப் போட்டேன். அன்றைய தேதியில் அது என் பெரிய கண்டுபிடிப்பு. தினமும் அறுபது அட்டை, அட்டைக்கு முப்பது முட்டை. ஒன்று விரிசல் விட்டதில்லை. கடைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறேன்.

"லோடுல உடையாதுண்ணா. பாரம் அமுக்கும், பட்ட வளையும், மெத்துன்னு போகும். காலி வண்டியில அது பட்ட இல்ல, தண்டவாளம்" என்றான் பெலிக்ஸ்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

லோடு. ராசிபுரம். வெயில்.

வாணி போன் செய்தாள். "சாப்ட்டியா கண்ணு" என்றேன். "சாப்ட்டேம்பா, நீங்க?" என்றாள். "ஆச்சு. இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்று கொடுத்துவிட்டேன். நமக்குப் பேச்சு அவ்வளவுதான் வரும். ஊரெல்லாம் என்னை வாயாடி என்கிறார்கள், ஆச்சரியம்.

ஜனவரி 23, வியாழன்

உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா பெயர் அமலோற்பவம். கணக்குப்பிள்ளை மாதிரி மூக்குக் கண்ணாடி. நான் "ஷாக்கு வேணுங்க" என்றதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"லோடுக்குங்களா, குடும்பத்துக்குங்களா?"

"ரெண்டுக்குமுங்க."

"அப்படி ஒண்ணு எந்தக் கம்பெனியும் இன்னும் பண்ணலீங்க."

மூன்று வகை எடுத்து வைத்தார். பழசை நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தது ஒன்று, ஆயில் ஷாக் ஒன்று, கேஸ் ஷாக் ஒன்று. இருப்பதிலேயே விலை கூடியது கேஸ். விலை கூடியது மெத்தென்று இருக்கும் என்பது என் படிப்புக்கு எட்டிய அறிவு. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அது வெறைப்பா இருக்குமுங்க. வேகமாப் போறவங்களுக்கு வளைவுல சாயாம நிக்கும். நீங்க யார ஏத்தப் போறீங்க?"

"மகள. ஏழு மாசம்."

அவர் கேஸ் ஷாக்கை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார். "ஆயில் எடுத்துக்குங்க. முன்னாடி ரெண்டு சுருள் ஸ்பிரிங்கும் மாத்திருங்க, ஒண்ண மட்டும் மாத்துனா வண்டி ஒரு பக்கமா நொண்டும். பின்னாடி சேத்துப்போட்ட பட்ட இருந்தா மொதல்ல கழட்டுங்க. அத வெச்சுக்கிட்டு எந்த ஷாக்கு போட்டாலும் வீணுங்க."

பட்டையைக் கழற்றினால் அறுபது அட்டை ஏற்ற முடியாது. முப்பதுதான். தினமும் இரண்டு நடை. "யோசிச்சுட்டு வர்றேனுங்க" என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜெகதாவிடம் சொன்னேன். "யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரித்தாள். வெங்காயம் காரமாக இருந்தது போல.

ஜனவரி 25, சனி

இன்று ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன்.

லோடு இறக்கிவிட்டு வரும்போது ஒரே ஒரு அட்டையை மிச்சம் வைத்துக்கொண்டேன். பின் சீட்டை மாட்டி, அதன்மேல் அட்டையை வைத்து, வண்டியைத் துறையூர் ரோட்டில் விட்டேன். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம் வரிசையாக வரும் இடம் ஒன்று இருக்கிறது. அது வரைக்கும் போய்த் திரும்பினேன். அதே ரோடு, அதே வேகம்.

பதினோரு முட்டை உடைந்திருந்தது.

அப்படியே நேராகப் பட்டறைக்கு ஓட்டிப்போய் பெலிக்ஸிடம் காட்டினேன். அவன் ஸ்டவ்வைப் பற்றவைத்து, உடைந்ததில் ஓடு விழாததை எடுத்து எல்லோருக்கும் ஆம்லெட் போட்டான். "எட்டு வருசத்துல இன்னிக்குத்தான் முட்டக்காரண்ணன் ஓசியில முட்ட குடுத்துருக்காரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒன்று சாப்பிட்டேன். பாதியை வைத்துவிட்டேன். உப்பு அதிகம்.

ஜனவரி 26, ஞாயிறு

விடுமுறை. ஜெகதா கோயிலுக்குப் போயிருக்கிறாள். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

வாணிக்கு இது முதல் பிள்ளை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறோம். கல்யாணமான வருஷம் தலை ஆடிக்கு அவளை அழைத்து வரப் போனேன். ஆடி அழைப்புக்கும் அப்பன்தான் போக வேண்டும். மாப்பிள்ளை தினகரன் வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா காபி கொடுத்தார். வாணி பையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். முன்னால் உட்காரக் கூப்பிட்டேன். "பின்னாடியே உக்காந்துக்கறேம்பா, படுத்துக்கலாம்" என்றாள். அப்போது அவளுக்கு இரண்டரை மாதம். எனக்குத் தெரியாது. அம்மாவிடம் நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம்.

காலி வண்டி. ஐந்து பட்டை. செத்துப்போன ஷாக்.

கண்ணாடியில் பார்த்தேன். மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "மெதுவாப் போங்கப்பா" என்றாள். நான் அதற்கு ஒரு ஜோக் சொன்னேன். அது இங்கே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தங்கவில்லை.

டாக்டரம்மா, அது வண்டியில் வந்ததால் அல்ல என்றார். நிறையப் பேருக்கு இப்படி ஆகும், காரணம் இருக்காது என்றார். நல்ல மனுஷி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

வாணியிடம் அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்று மட்டும் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மருந்துக் களைப்பு.

ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அவளை அழைத்து வரப் போக எனக்கு நேரம் அமையவில்லை. தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு பைக்கில் வந்தாள். இந்தப் பொங்கல் சீரை ஜெகதாவே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்கு லோடு இருந்தது. "பொங்கலன்னிக்கு எவன்ங்க முட்ட வாங்கறான்?" என்று ஜெகதா கேட்டாள். வாங்குகிறவனும் இருப்பான்.

ஜனவரி 28, செவ்வாய்

பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பெலிக்ஸ், "கழட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா பின்னாடி உக்காருங்க, நான் ஓட்டறேன். எது மாறுச்சுன்னு தெரிய வேண்டாமா?" என்றான்.

அப்போதுதான் உறைத்தது. எட்டு வருஷத்தில் என் வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுகிறவன் எதற்குப் பின்னால் உட்காரப் போகிறான்? இன்ஜினே முன் சீட்டுக்கு அடியில்தான். ஓட்டுகிற எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்சக்கரத்தின் தலையாட்டல்தான்.

ரயில்வே கேட் வரை ஓட்டினான். முதல் வேகத்தடையில் சீட்டை விட்டு எழுந்தேன். இரண்டாவதில் தலை கூரையில் இடித்தது. தண்டவாளத்தைத் தாண்டும்போது அடிவயிற்றில் யாரோ முஷ்டியால் குத்தினது மாதிரி இருந்தது. என்னை அறியாமலே கை மேலே போய்க் கைப்பிடியைத் தேடியது. ஒரு கை போதவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எப்பிடீண்ணா இருக்குது?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"மெதுவாப் போப்பா" என்றேன்.

பட்டறைக்குத் திரும்பினதும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. முழங்கால் மரத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குச் சொன்ன ஜோக் இதுதான். "தெனமும் ஆயிரத்து எண்ணூறு முட்ட போகுது, ஒண்ணு உடையறதில்ல. நீ என்ன முட்டையவிடப் பூஞ்சையா?"

ஜனவரி 30, வியாழன்

போட்டாயிற்று. பின்னால் பழையபடி மூன்று பட்டை. முன்னால் இரண்டு புதுச் சுருள் ஸ்பிரிங். நான்கு பக்கமும் ஆயில் ஷாக். தேய்ந்துபோன ரப்பர் புஷ் எல்லாம் புதுசு. லோடுக்காகக் கல் மாதிரி அடித்து வைத்திருந்த டயர் காற்றையும் பெலிக்ஸ் அளவாக இறக்கிவிட்டான்.

கழற்றிய இரண்டு பட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இத எதுக்குங்க?" என்றாள் ஜெகதா. "பிரசவம் முடிஞ்சு அவ போன பொறவு திரும்பப் போடோணுமல்ல?" என்றேன். அவள் ஒன்றை எடுத்து இட்லிமாவுக் குண்டானுக்கு மேலே பாரமாக வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 1, சனி

அதே ரோடு. அதே பள்ளம். காலி வண்டியில் ஒரு அட்டை முட்டை. முப்பதும் முழுசாக வந்தது. இறக்கும்போது கை நழுவி ஒன்றைக் கீழே போட்டேன். அதற்கு ஷாக் அப்சார்பர் பொறுப்பில்லை.

வீட்டில் உற்சாகமாகச் சொன்னேன். ஜெகதா, "அப்ப நீங்களே போய்க் கூட்டிக்கிட்டு வந்துருவீங்க" என்றாள்.

"வண்டி ரெடி" என்றேன்.

"நான் வண்டியக் கேக்கல."

பிப்ரவரி 4, செவ்வாய்

சம்பந்தியம்மா மறுபடி போன். மாப்பிள்ளையே துறையூரில் பெரிய காருக்குச் சொல்லிவிட்டாராம். ஏசி. ஏழு பேர் தாராளமாக உட்காரலாமாம்.

நல்லதுதான். ஏசி உடம்புக்கு நல்லது. நான் என் வண்டியில் தாம்பாளம், பாத்திரமெல்லாம் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடலாம். போனை வைத்த பிறகு பெருமூச்சு வந்தது. ஜெகதா பார்த்தாள்.

"ஏனுங்க, வருத்தமாங்க இல்ல நிம்மதியாங்க?"

"எதுக்கு நிம்மதி?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றாள். இந்த வீட்டில் பத்தாவது இரண்டு தடவை எழுதியவன் நான். ஆனால் கேள்வி கேட்பது அவள்.

பிப்ரவரி 6, வியாழன்

முப்பது அட்டை, இரண்டு நடை. கடைக்காரர்கள் ஏன் லேட் என்கிறார்கள். வண்டிக்கு வயசாச்சு என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். விட்டால் நாளைக்கு நான் இதை ஜோக்காக மாற்றிவிடுவேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. வாணிக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், கன்னத்தில் சந்தனம். எல்லாப் பெண்களும் பூசிய பிறகு, "அப்பா வாங்க" என்றாள். ஆம்பளைகள் பூசுவதில்லை என்று சொல்லி நழுவிப் பந்திக்குப் பரிமாறப் போய்விட்டேன்.

கிளம்பும் நேரம். வாசலில் கறுப்பு நிறத்தில் பெரிய கார். அதற்குப் பின்னால் என் வண்டி. கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தேன். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஏழைச் சொந்தம் மாதிரி ஓரமாக நின்றது. டிரைவர் கார்க் கதவைத் திறந்தார்.

"நான் அப்பா வண்டியில வர்றேன்" என்றாள் வாணி.

சம்பந்தியம்மா மோவாயில் கை வைத்தார். "முட்ட வண்டியிலயா? ஏஞ்சாமி, இந்த நேரத்துலயா?"

"அத்த, அதுல எல்லாம் புதுசா மாத்தியிருக்குதுங்க. அம்மா சொன்னாங்க."

"நானும் இதுலயே வர்றேன்" என்று ஜெகதா என் வண்டிப்பக்கம் வந்தாள். "அம்மா, நீங்க அந்தக் கார்ல வாங்க. அவருகூடப் பின்னாடியே வாங்க" என்றாள் வாணி. ஜெகதா ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்ப் பெரிய காரில் மாப்பிள்ளையோடு ஏறிக்கொண்டாள்.

வாணி பின் சீட்டில் உட்கார்ந்தாள். அதே இடம்.

இருபத்தைந்தில் ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் நிறுத்தி, ஏற்றி, இறக்கினேன். பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.

"ஆடுதா கண்ணு?"

"ஆடலப்பா. இப்பிடியே போனா கொழந்த வண்டியிலயேதான் பொறக்கும்."

சிரித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கை இரண்டும் வயிற்றின்மேல் இருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு, "ஏம்ப்பா ஒன்றர வருசமா என்னக் கூட்டிக்கிட்டுப் போக வரவே இல்ல?" என்றாள்.

"லோடு கண்ணு…"

"பொங்கலன்னிக்கா?"

தாயும் மகளும் ஒரே கேள்வித்தாள்தான் வைத்திருக்கிறார்கள். தப்பிக்க வழியில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் அந்தப் பேச்சுப் பேசியிருக்கக் கூடாது சாமி. முட்டையவிடப் பூஞ்சையான்னு கேட்டது. அது எனக்கு… அதனாலதான் உம்மூஞ்சியில முழிக்க…"

"என்ன முட்ட?"

மறுபடி முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பிடியா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லீங்கப்பா" என்றாள். "நீங்க அந்த மாதிரி தெனமும் நாலு சொல்லுவீங்க. அன்னிக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே, விடியக்காலைலருந்தே வயிறு ஒரு மாதிரி இழுத்துப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பயந்துட்டேன். அம்மாகிட்டப் போயிட்டாப் போதும்னு ஏறி உக்காந்துட்டேன்."

"பின்ன ஏங்கண்ணு நீ முன்னாடியே…"

பாதியில் நிறுத்திவிட்டேன். ஆனால் பாதி வெளியே வந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இப்பவும் அதேதான் கேக்க வர்றீங்க. ஆசுபத்திரியிலயும் இதத்தான் கேட்டீங்க. எல்லாரும் எம்பக்கத்துல உக்காந்து அழுதாங்க. அத்தகூட அழுதாங்க. நீங்க மட்டும் நின்னுக்கிட்டே, 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே'ன்னு கேட்டீங்க. பொறவு வரவே இல்ல. போன் பண்ணுனா அம்மாகிட்டக் குடுத்துருவீங்க. நான் சொல்லாம இருந்துதான் கெடுத்துப்புட்டேன்னு உங்களுக்கு எம்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவ நாள் தள்ளுன அன்னிக்கே அம்மாவுக்குப் போன் பண்ணி, அப்பாகிட்ட ஒடனே சொல்லீருங்கன்னு சொன்னேன். அதுக்கும் நீங்க ஒண்ணும் பேசல."

எனக்குக் கோபமா? அவள் மேலா?

வாய் திறந்தேன். எட்டு ஊர்க் கடைக்காரர்களைச் சிரிக்க வைக்கிற வாய். முன்னால் வேகத்தடை வந்தது. அதைக் கவனமாக ஏற்றி இறக்கினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பதில்.

"வண்டி நல்லாத்தான் இருக்குதுப்பா" என்றாள் கொஞ்சம் கழித்து. அப்புறம் தூங்கிவிட்டாள். வீடு வரும்வரை அவளுக்கு விழிப்பு வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

முப்பது அட்டை, இரண்டு நடை.

பெலிக்ஸ் எதிரில் வந்தான். "என்னண்ணா, மகதான் வந்து சேந்துருச்சே, பட்டையப் போட்டுத் தர்றனா?" என்றான். வேண்டாம் என்றேன். "திரும்பப் போகையில ரெண்டு பேரு உக்காருவாங்கப்பா." அதற்கு அப்புறம் போடலாமா என்றான். அதற்கு அப்புறமும் வேண்டாம் என்றேன். "அப்ப முட்ட?" என்றான். முட்டை இரண்டு நடை போய்க்கொள்ளும்.

வாணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவள் அறைக்கு மூன்று தடவை போனேன். ஒரு தடவை மாதுளம்பழம். ஒரு தடவை போன் சார்ஜர், அது அவளுடையது அல்ல, என்னுடையது. மூன்றாவது தடவை கையில் ஒன்றும் இல்லாமல் போய், ஃபேன் சத்தம் போடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். ஃபேன் சத்தம் போடவில்லை.

சொல்ல வேண்டியது ஒரு வரிதான். ஏழு வார்த்தைகூட இருக்காது. வண்டியில் ஆடுகிற ஒவ்வொரு சாமானையும் மாற்றினேன். ஜோக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருஷம் தொங்கினேன். ஆஸ்பத்திரியில் கேட்ட அந்தக் கேள்வி தப்பு என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ஜனவரி 26-ஐத் திருப்பிப் பார்த்தேன். நானே எழுதி வைத்திருக்கிறேன், மருந்துக் களைப்பு என்று.

பிப்ரவரி 12, புதன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

லோடு. சொல்லவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் வாணிக்குச் செக்கப். ஜெகதாவும் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அவளுக்கு எனக்குத் தெரிந்து தலைவலி வந்ததில்லை.

அதே ஆஸ்பத்திரி. யாரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன், பார்க்கிங்கில் யாராவது இடித்துவிடுவார்கள் என்பேன். இன்றைக்கு இறங்கினேன். வராந்தாவில் இரும்பு நாற்காலி வரிசை. வாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். பிறகு ஐந்து பேர். பிறகு மூன்று. சுவரில் சிரிக்கிற குழந்தைகளின் படத்தையெல்லாம் எண்ணி முடித்துவிட்டேன். பதினான்கு.

நர்ஸ் வந்து, "கோகிலவாணி கூட யாரு வந்துருக்கீங்க?" என்றாள்.

"நாந்தானுங்க. அப்பா" என்று எழுந்தேன். வாணியும் எழுந்தாள். நாற்காலியில் ஒரு கையும் என் தோளில் ஒரு கையும் ஊன்றித்தான் எழ முடிந்தது. வளையல் எல்லாம் என் காதுப்பக்கம் கலகலவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான் அப்பிடிக் கேட்டது தப்பு கண்ணு."

சத்தம் நின்ற பிறகும் அவள் கை என் தோளில் இருந்தது. 'பரவால்லப்பா' என்பாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க. உள்ள விடமாட்டாங்க" என்றாள்.

கழற்றினேன். கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம்.